கோணல் பொறுக்காதவர்

என் கடைக்குள் வருகிற எவரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள். பாஸ் மட்டும் என் தலைக்கு மேலே தொங்கும் காலண்டரைப் பார்ப்பார். ஒரு கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, வாங்கப்போகிற ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பிறகு மேசையைச் சுற்றி உள்ளே வந்து, என்னை ஒரு மாமூட்டை போல ஓரமாகத் தள்ளிவிட்டு, காலண்டரின் அடி மூலையை விரலால் ஒரு தட்டு.

"இப்ப சரி. ரீலோட் ஒண்ணு போடுங்க தம்பி."

பாஸ் என்றதும் முதலாளி, கறுப்புக் கண்ணாடி, பெரிய வாகனம் என்று போய்விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் மேசன் வேலையும் தச்சு வேலையும் தெரிந்த ஆளுக்கு அதுதான் பட்டம். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட சொல். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அடையாள அட்டையில் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. அவருடைய மனைவிகூட 'இந்த மனுசன்' என்றுதான் சொல்வார். இரத்தினபுரிக்கும் நிவித்திகலைக்கும் நடுவே, பஸ் நின்றால்தான் இப்படி ஒரு சந்தி இருப்பதே தெரியும். அந்தச் சந்தியில், ஃபோனுக்குக் காசு ஏற்றிக் கொடுக்கிற என் கொமியுனிகேஷன் கடை. கடைக்கு மேலே மலை. மலை முழுக்கத் தோட்டம். அந்தத் தோட்டத்தில் கோணலாக இருந்த எல்லாவற்றுக்கும் பாஸ்தான் பொறுப்பு.

அவருடைய சட்டைப் பையில் பீடியும் மரச்சிராயும் கலந்து கிடக்கும். ஆடுகிற மேசை, ஆடுகிற வாங்கு, ஆடுகிற கட்டில் எதைக் கண்டாலும் பேச்சை நிறுத்தாமலே குனிந்து, காலடியில் ஒரு சிராயைச் செருகிவிட்டு நிமிர்வார். யாரும் கேட்கவேண்டியதில்லை. யாரும் நன்றி சொல்லவேண்டியதுமில்லை. மற்றவர்கள் மூக்கைச் சொறிவது போல அவருக்கு அது.

தோட்டத்தில் யாருடைய கல்யாண ஆல்பத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையை நோக்கி ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். அது பாஸின் கை. என் கல்யாணத்திலும் நீண்டது. இடப்பக்கம் திருத்தினார், வலப்பக்கம் திருத்தினார், கொஞ்சம் தூரம் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மேளத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தலப்பா சரியாத்தான் இருக்கு தம்பி. தலதான் கோணல்."

என் மனைவி இன்றைக்கும் எந்தச் சண்டையையும் இந்த வசனத்தோடுதான் முடிப்பாள்.

சாவு வீட்டிலும் இதே கதை. பெட்டியை மூடப்போகிற நேரம், "கொஞ்சம் பொறுங்க" என்று குனிந்து, உள்ளே கிடந்தவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இனிமே யாரு வந்து திருத்தப் போறா?" என்றார்.

அதுவும் நியாயம்தான். எல்லாரும் மறுபடி அழ ஆரம்பித்தார்கள்.

இப்படிப்பட்டவரையும் வைஃபையையும் ஒரே கயிற்றில் கட்டிய புண்ணியவான் நான்.

தோட்டத்தின் மேல் டிவிஷன் மலையின் மடிப்புக்குள் இருந்தது. அங்கே ஃபோன் என்பது டோர்ச் லைட் அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும்தான். சிக்னல் வேண்டுமானால் ஒரு பாறைக்கு ஏறவேண்டும். கொரோனா போய்விட்டது, ஆனால் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிற பழக்கம் மட்டும் ஆசிரியர்களை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் மழையிலும் அந்தப் பாறையில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். கொழும்பில் வேலை செய்கிற மகனோடு பேசவேண்டிய தாய்மாரும் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் எல்லாருமாக என்னிடம் வந்தார்கள். என் கடைப் பலகையில் 'சகல நெட்வேர்க் வேலைகளும் செய்து தரப்படும்' என்று எழுதியிருந்ததுதான் காரணம். உண்மையில் அது, பலகை எழுதியவர் மிச்சமாக இருந்த இடத்தை நிரப்புவதற்காகத் தானே சேர்த்துக்கொண்ட வரி. நான் அழிக்கவில்லை. அழகாக எழுதியிருந்தார்.

ஸ்டோரில் இணையம் இருந்தது. ஸ்டோர் என்றால் எங்கள் பாஷையில் தேயிலைத் தொழிற்சாலை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளத் தோட்டத்தை நடத்துகிற தொரையும் சம்மதித்தார். எடுக்கலாம், ஆனால் எப்படிக் கொண்டுபோவது? ஸ்டோருக்கும் மேல் டிவிஷனுக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடந்தது.

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்கு ஆகாத காரியம். குறுக்குப்பாதை ஓரமாக மரத்துக்கு மரம் ஒரு வைஃபை பெட்டியைக் கட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி, மழைக்கு ஒரு பொலித்தீன் பை. ஒரு பெட்டி கேட்டதை அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், ஊர்வதந்தி மாதிரி. வதந்தியாவது போகப் போகப் பெருக்கும். இது போகப் போகச் சிறுத்தது. கடைசிப் பலாமரத்துக்கு வந்து சேர்ந்தது இணையம் அல்ல, இணையம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதாம் என்ற செய்தி மட்டும். ஒரு வாரத்தில் செவ்வெறும்புகள் பொலித்தீன் பைகளுக்குள் பால் காய்ச்சிக் குடிபுகுந்தன.

பாஸ் வந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். நான் தலைகுனிந்து கூடவே நடந்தேன்.

"வேல செய்யாட்டியும் பரவாயில்ல தம்பி," என்றார். "ஒண்ணக்கூடவா நேரா கட்டத் தெரியல?"

பிறகு கொழும்பிலிருந்து டிஷ் வந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் வேலை செய்த எங்கள் பையன்கள், கூரையிலிருந்து கழற்றிப் போட்ட இரண்டு டிஷ்களைக் கேட்டு வாங்கி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒன்றை இந்தக் கட்டடத்தில் வைக்கவேண்டும், மற்றதை அந்தக் கட்டடத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். நடுவில் மரமோ கூரையோ மறைக்கக் கூடாது. பார்வை சரியாக விழுந்தால் டிஷ்ஷின் முதுகில் நாலு பச்சை லைட் எரியும். விலக விலக ஒவ்வொன்றாக அணையும். நான் இதைக் கடைக்குள் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது பாஸ் காலண்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக.

"நேருக்கு நேரா பாக்கணும். அவ்வளவுதானே?"

"கொஞ்சம் விலகினாலும் போச்சு பாஸ்."

"அப்ப இது நம்ம வேல," என்றார்.

மேல் டிவிஷனில் புள்ளக்காம்பராவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. குழி வெட்டி, இரும்புக் குழாயை நட்டு, கொங்கிரீட் போட்டு, தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். ஒரு குழந்தை தவழ்ந்து வந்து குண்டைப் பிடித்து இழுத்தது. அதை நேராக உட்கார வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

திருப்புகிற நாளில் ஒரு சிக்கல். அவர் அந்த மலையில் டிஷ்ஷைத் திருப்பவேண்டும். நான் இந்தப் பக்கம் ஸ்டோரின் மேல்தளத்தில் கணினியைப் பார்த்து, இடமா வலமா என்று சொல்லவேண்டும். ஃபோனில் சொல்லலாம் என்றால் அங்கே ஃபோன் எடுக்காது. எடுத்திருந்தால் டிஷ்ஷே தேவையில்லையே. தப்பு மேளம் அடித்துச் சொல்வது என்று முடிவானது. மெதுவாக அடித்தால் இடம், வேகமாக அடித்தால் வலம், நிறுத்தினால் சரி. எங்கள் தோட்டத்தில் வேலைக்குக் கூப்பிடவும் தப்புதான், கூத்துக்கும் தப்புதான், சாவுக்கும் தப்புதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. இதெல்லாம் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு. எனக்குக் கையில் எது வந்ததோ அதை அடித்தேன். வந்தது சாவு அடி.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். "யாரு? யாரு?" என்று மலைக்கு மலை கேள்வி போனது. பாஸின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒப்பாரியில் பேர்போனவர். யார் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தலையை விரித்துப்போட்டு ஆரம்பித்தே விட்டார். நல்ல குரல். பள்ளத்தாக்கைத் தாண்டி எனக்கே கண் கலங்கியது. நான் கலங்கியபடி அடித்தேன். அடிக்க அடிக்கக் கூட்டம் கீழே ஓடி வந்தது.

யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! அரை மணித்தியாலம் அழுதேனே! யாருக்குடா அந்த அழுக?"

"வைஃபைக்கு அக்கா."

"அது செத்திருந்தாக்கூட இப்படி அழுதிருக்க மாட்டேன்!"

அந்த நேரத்தில் எதிர் மலையிலிருந்து பாஸின் குரல் வந்தது. "ஹரீ!" சரி என்பதைச் சிங்களத்தில்தான் சொல்வார். நாலு லைட்டும் எரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த நாலு லைட்டும் அவருடைய பிள்ளைகள் ஆயின. விடிந்ததும் முதல் வேலை புள்ளக்காம்பராவுக்குப் போய்ப் பார்ப்பது. இப்போதுதான் அங்கே இணையம் வந்துவிட்டதே. எனக்கு வட்ஸ்அப்பில் கூப்பிடுவார்.

"நாலும் எரியுது தம்பி."

"சந்தோசம் பாஸ்."

"ஒங்க காலண்டரு?"

"நேரா இருக்கு பாஸ்," என்று கோணல் காலண்டரின் கீழே உட்கார்ந்தபடி சொல்வேன்.

அந்த மாதங்களில் என் மதிப்பு எங்கேயோ போனது. பாறையில் குடை பிடித்த பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்து படித்தார்கள். சந்தியில் என்னை 'இன்ஜினியர் மாத்தயா' என்று சிங்கள மரியாதையோடு கூப்பிட ஒரு சிலர் தயாரானார்கள். நானும் மறுக்கவில்லை.

பிறகு மழை இறங்கியது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இறங்கியது, நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு லைட்டுதான் எரிஞ்சிச்சு தம்பி. கம்பம் கொஞ்சம் சாஞ்சிருந்திச்சு. நேராக்கிட்டேன். ஹரி."

முதல் தடவை குரங்கு என்றார். ஒரு குரங்குக் கூட்டம் டிஷ்ஷில் தொங்கி விளையாடியதைக் கண்டதாகச் சொன்னார். சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு, காற்று என்றார். பிறகு பிள்ளைகள் ஈர உடுப்புக் காயப்போடுகிறார்கள் என்றார். குரங்கும் காற்றும் பிள்ளைகளும் தீர்ந்தபிறகு தன்னையே குற்றம் சொல்ல ஆரம்பித்தார்.

"என் கலவதான் சரியில்ல தம்பி. மணல்ல மண்ணு கூடிப்போச்சு. வெயில் வரட்டும், ஒடச்சிட்டுப் புதுசா போடுறேன். அதுவரைக்கும் சிராய் வச்சிருக்கேன்."

"நெட் நல்லா ஓடுதே பாஸ். எதுக்குக் கவலை?"

"ஓடும் தம்பி. நான் விடுவேனா?"

அவர் விடவில்லை. அந்த மழையில் மேல் டிவிஷன் லயத்தில், எல்லாரும் குடியிருந்த வரிசை வீடுகளில், கதவுகள் நிலையில் இறுகின. சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. மழைக்கு மரம் ஊதுகிறது என்று சொல்லி, பாஸ் இழைப்புளியோடு வீடு வீடாகப் போய் இழைத்துக் கொடுத்தார். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கான் வெடித்தது. சீமெந்து பூசி அடைத்தார். மாரியம்மன் கோயில் சூலம் லேசாக ஒரு பக்கம் தலை சாய்த்தது. குளித்து, ஈர வேட்டியோடு போய் அதையும் நிமிர்த்தினார். பாஸ் இருக்கிறவரைக்கும் மேல் டிவிஷனில் எதுவும் கோணாது என்று ஜனங்கள் சொன்னார்கள். சாயங்காலம் சீட்டு விளையாடும்போது சொன்னார்கள். சந்தோஷமாகச் சொன்னார்கள்.

நடுவில் அவருடைய கண் ஒன்று மங்கிக்கொண்டு வந்தது. எந்நேரமும் ஒன்றை மூடியே பார்த்ததால் மற்றது கோபித்துக்கொண்டது என்று நான் சொன்னேன். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நாள் கிடைத்தது. கண்ணில் பூ எடுக்கவேண்டும், கட்டுப்போட்டு அங்கேயே சில நாள் இருக்கவேண்டும். பஸ் ஏறுமுன் கடைக்கு வந்தார். காலண்டரைத் தட்டினார்.

"கம்பத்தப் பாத்துக்கங்க தம்பி."

"பாத்துக்கிறேன் பாஸ்."

அவர் போன மூன்றாவது நாள் அக்கா கடை வாசலில் வந்து நின்றார். தலையில் பொலித்தீன் உறை, காலெல்லாம் அட்டை.

"லைட்டு ஒண்ணுகூட இல்ல தம்பி. புள்ளைங்க என் உசிர எடுக்குதுங்க. ஒங்க பாஸு அங்க கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காரு. வந்து என்னான்னு பாருங்க."

"மழை கொஞ்சம் விடட்டும் அக்கா."

"மழ விட்டா நான் ஏன் ஒங்ககிட்ட வாறேன்? போர்டு மட்டும் பெருசா போட்டிருக்கீங்கள்ல. நடங்க."

நடந்தேன். அட்டைகளுக்கு என் இரத்தத்தில் என்ன ருசியோ, அக்காவை விட்டுவிட்டு என்னிடம் மாறின.

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. குடிகாரன் சாய்வது போல அல்ல, நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவன் சாய்வது போல. குனிந்து அடியைப் பார்த்தேன். சிராய். ஓட்டுத்துண்டு. அறுந்த செருப்பின் அடி. தகரம். மறுபடி சிராய். எல்லாம் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக, நேர்த்தியாக. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பாஸ் செய்வதைப் பார்த்திருந்ததுதான். ஒரு சிராய் சீவிச் செருகினேன். தள்ளிப் பிடித்தேன். லைட் எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"ஹரி!" என்று பாஸ் மாதிரியே கத்தினேன்.

அக்கா வீட்டில் பிளேன்டீ குடித்தேன். குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று லைட் இல்லை. எனக்கு மூளையில் ஒன்றும் தட்டவில்லை. கம்பத்தை ஏசினேன். இன்னொரு சிராய் சீவினேன்.

அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பித் தன் குசினிக் கதவைப் பார்த்தார். அது பாதியில் நின்றிருந்தது. போய் இழுத்தார், வரவில்லை.

"இத இழைச்சு ஒரு மாசங்கூட ஆவல," என்றார்.

லயத்துக்குப் பின்னால் போனார். நானும் கூடப் போனேன். பாஸ் சீமெந்து பூசிய கான் அதே இடத்தில் வாய் பிளந்திருந்தது. உள்ளே ஓடவேண்டிய தண்ணீர் ஓடவில்லை. எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் பக்கம் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் பயம் வரவில்லை. களைப்பு மாதிரி ஒன்று வந்தது.

"டிஷ்ஷு சாயல தம்பி," என்றார். "நாமதான் சாயிறோம்."

மழைச் சத்தம். உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. எனக்கு ஒரு பகிடி வாய் வரைக்கும் வந்தது. என்ன பகிடி என்று இப்போது ஞாபகமில்லை. அது வாயிலேயே மரத்துப்போனது, பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போவது போல.

எல்லாரையும் வெளியே எடுக்கவேண்டும். ஃபோன் இல்லை. கோயிலில் தொங்கிய தப்பை எடுத்து அடித்தேன். கைக்கு வந்த அடி அதேதான். லயத்து வாசல்களில் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பையோடு சிரித்தார்.

"மறுபடி டிஷ் திருப்புறாங்கடா!"

"நல்லா அடிங்க இன்ஜினியர் மாத்தயா!"

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கத்தியும் பார்த்தேன். ஜனங்கள் என்னை நம்பாமல் இருக்க நான் வருஷக்கணக்காகப் பாடுபட்டிருந்தேன்.

அக்கா லயத்து முற்றத்தின் நடுவில், மழையில் போய் உட்கார்ந்தார். தலை உறையைக் கழற்றினார். கூந்தலை அவிழ்த்தார். ஒப்பாரியை எடுத்தார்.

அந்தக் குரலுக்கு யாராலும் உள்ளே இருக்க முடியாது. சோறு வைத்தவர்கள் அடுப்பை விட்டு வந்தார்கள். காய்ச்சலில் படுத்தவர்கள் போர்வையோடு வந்தார்கள். தேநீர்க் கோப்பைக்காரரும் வந்தார்.

"யாரு அக்கா? யாருக்கு என்னாச்சு?"

அக்கா பாட்டை நிறுத்தினார். மூக்கைச் சிந்தினார்.

"நம்ம எல்லாருக்குந்தான். புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எறங்குங்க."

யாரும் கேள்வி கேட்கவில்லை. கானைக் காட்டவேண்டியிருக்கவில்லை. இழைத்த கதவுகள் எல்லாருடைய வீட்டிலும் இருந்தன. குழந்தை, அடையாள அட்டை, டிவி, சாமிப்படம், கோழி என்று கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பாதையில் இறங்கினார்கள். நான் ஒரு கிழவரையும் ஒரு குக்கரையும் சுமந்தேன். கிழவர் வழி முழுக்கக் குக்கரைப் பத்திரமாகப் பிடிக்கச் சொன்னார்.

மறுநாள் முற்பகல் மலை வந்தது. ஸ்டோரின் மேல்தளத்தில், கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு நடுவில் நின்று பார்த்தோம். ஒரு சத்தம் கேட்டது. பிறகு மரங்கள் நின்ற வாக்கிலேயே நடந்தன. லயத்துக் கூரை ஒரு கணம் முழுசாக மேலே தெரிந்தது, யாரோ எடுத்துக் காட்டுவது போல. பிறகு இல்லை. புள்ளக்காம்பரா இல்லை. கோயில் இல்லை. கட்டவிழ்க்க மறந்துபோன சில ஆடுகள் இல்லை. மனுசர் எல்லாரும் இருந்தோம். யாரும் அழவில்லை. அக்காவும் அழவில்லை. ஒருவர், "என் புதுச் செருப்பு அங்க," என்றார். இன்னொருவர், "எனக்கும்," என்றார். கொஞ்ச நேரத்தில் தேநீர் வந்தது, குடித்தோம். இனிப்பா இல்லையா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து டிஷ் மட்டும் தன் பாட்டுக்கு எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்களை அங்கேதான் தங்க வைத்திருந்தார்கள். ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு. வாசலில் நின்று மற்றக் கண்ணால் ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணுகிறார் என்று தெரிந்தது. எண்ணி முடிந்ததும் பாயில் வந்து உட்கார்ந்தார். அக்கா நடந்ததை எல்லாம் சொன்னார்: லைட் அணைந்தது, நான் சிராய் செருகியது, தேநீர் குடிப்பதற்குள் மறுபடி சாய்ந்தது. சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தார்.

"நல்லவேள, இந்த மனுசன் ஊர்ல இல்ல. இருந்திருந்தா நேராக்கி நேராக்கியே எங்கள மண்ணுக்குள்ள எறக்கியிருப்பாரு!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்த இரண்டு நாளில் கேட்ட முதல் சிரிப்பு. என்னுடைய சிரிப்பும் அதில் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாஸும் சிரித்தார். கட்டுக்குக் கீழே தண்ணீர் வடிந்தது. ஆபரேஷன் செய்த கண் அப்படித்தான் வடியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததாக அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் யாரோ நிவாரணம் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பெரிய பேனரும் கொண்டுவந்து சுவரில் கட்டினார்கள். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, நான் கட்டியதைவிட மோசம். பாஸ் எழுந்து போனார். கையைப் பாதி தூக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கிச் சட்டைப் பைக்குள் போனது. பையில் கிடந்த சிராய்களை அள்ளி எடுத்தார். அடுப்பு மூட்ட முடியாமல் ஊதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்தார்.

"நல்ல காஞ்ச கட்ட," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் நேராக்கி நான் பார்க்கவில்லை. கடைக்கு வருவார், காலண்டரைப் பார்ப்பார், ரீலோட் போடச் சொல்வார், போவார். நான் வேண்டுமென்றே அதை இன்னும் கோணலாக்கி வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் தலைகீழாகக்கூடத் தொங்கவிட்டேன். வாடிக்கையாளர்கள் என் மண்டையைத்தான் பார்த்தார்கள். பாஸ் ரீலோட் காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தோட்டத்தின் அடியில் சமதரையில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அங்கே சிக்னல் தாராளம். ஜனங்களுக்கு நல்லது, என் பலகையின் வரிக்குத்தான் வேலையில்லை. பால் காய்ச்சிய அன்று என் கடைக் காலண்டர் ஒன்றைக் கொண்டுபோய், பாஸின் புது வீட்டு முன்னறைச் சுவரில் நானே ஆணி அடித்துத் தொங்கவிட்டு வந்தேன். பல மாதம் கழித்து மறுபடி போனபோது, நான் தொங்கவிட்ட அதே கோணலில் அது தொங்கியது. என் கை தானாக நீண்டது.

"தொடாதீங்க தம்பி."

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலில் கோபம் இல்லை.

"கோணலா இருக்கே பாஸ்."

"இருக்கட்டும்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். காலண்டரின் அடி விளிம்பை ஒட்டி, அதே கோணலில், சுவரில் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு.

குசினியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "புதுச் செவுரு தம்பி, பெயின்ட் வாசன போகுமுன்ன கோடு இழுத்து வச்சிருக்காரு. விடிஞ்சா சாமி கும்புடுறாரோ இல்லியோ, அது முன்னால போய் நிக்கிறாரு."

பாஸ் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பூ எடுத்த கண்ணைத் திறந்து, மற்றதை மூடி, தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். காலண்டரை. கோட்டை. மறுபடி காலண்டரை.

"என்ன பாஸ் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார். "இன்னும் அசையல."